பால்குடி மறக்காத முயற்குட்டியும் பெருநாள் காசும்



திருச்சியிலும் திருவரங்கத்திலும் பெருநாள் காசு கைக்கு வந்த பிள்ளைகளின் விருப்பம் மாறிவிட்டது. பலூனும் ஐஸும் பழைய கதையாகிவிட்டன. கூண்டுக்குள் பஞ்சு உருண்டைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடக்கும் முயற்குட்டிகளைக் கண்டதும் பிள்ளை அத்தாவின் கையைப் பிடித்து இழுக்கிறது. "எவ்வளவு சிறியதோ அவ்வளவு அழகு" என்று அத்தாவும் இருப்பதிலேயே சிறியதைத் தேர்ந்தெடுக்கிறார். வீட்டில் அதற்கு ஒரு அட்டைப்பெட்டி, ஒரு கேரட் துண்டு, கிண்ணத்தில் பசும்பால். சில நாளில் வயிற்றுப்போக்கு. அதன்பின் அசைவு இல்லை. அழும் பிள்ளையிடம், "அல்லாஹ் எடுத்துக்கொண்டான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

உயிரை எடுப்பவன் அல்லாஹ்தான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் குட்டியைத் தாயிடமிருந்து நேரத்திற்கு முன்னே பிரித்தவர் மனிதர். பிரித்ததை விற்றவரும், விற்றதை வாங்கியவரும், அதன் வயிறு ஏற்காததை ஊட்டியவரும் மனிதர்களே. நம் கைகள் செய்ததை விதியின் கணக்கில் எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது ஈமானும் அல்ல, தவக்குலும் அல்ல. பால்குடி மறக்காத முயற்குட்டியை விற்பதும் வாங்குவதும் அமானிதத்திற்குச் செய்யும் துரோகம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தச் சிற்றுயிருக்கு அல்லாஹ் எப்படி உணவளிக்கிறான் என்பதைப் பார்ப்போம். நாம் வீடுகளில் வளர்க்கும் முயல் ஐரோப்பிய இனத்தின் வழிவந்தது. நம் வயல்களிலும் முட்புதர்களிலும் ஓடும் காட்டுமுயல் வேறு இனம். காட்டுமுயலின் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது. அதைப் பிடிப்பதும் வேட்டையாடுவதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுமுயலின் குட்டியோ ஏறத்தாழ 31 நாள் கருவிலிருந்து, ரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கிறது. பத்தாம் நாள் அளவில்தான் கண் திறக்கிறது.

தாய்முயல் நாளெல்லாம் குட்டிகளோடு படுத்திருப்பதில்லை. பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஒருமுறை வந்து மூன்று, நான்கு நிமிடங்கள் பாலூட்டிவிட்டு விலகிவிடுகிறது. வேட்டை விலங்குகளுக்குப் பொந்தின் இருப்பிடம் தெரியாமலிருக்க இதுவே அதன் காவல். இதை அறியாதவர்கள் தாய் கைவிட்டுவிட்டது என்று முடிவுகட்டி, குட்டிக்குப் பசும்பால் புகட்டத் தொடங்குகிறார்கள். முயற்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தச் சில நிமிடப் பாலில் ஒரு நாளுக்கு வேண்டிய முழு உணவும் இருக்கிறது. அதிலுள்ள சில கொழுப்பு அமிலங்கள் குட்டியின் வயிற்றில் தீய நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுக்கின்றன. வளர்ந்த முயலின் இரைப்பையில் கடும் அமிலம் செய்கிற காவலைக் குட்டிக்குத் தாய்ப்பால் செய்கிறது. அமிலம் வலுப்பெறும் முன்னர்ப் பாலை நிறுத்தினால் பழைய காவல் போய்விடும், புதிய காவலும் வந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் குட்டிகள் மடிகின்றன.

பதினெட்டு முதல் இருபத்தொரு நாளுக்குள் குட்டி மெல்ல வெளியே வந்து புல்லையும் இலையையும் கடிக்கப் பழகுகிறது. அன்றே அது தானே உண்டு வாழக்கூடியதாகிவிட்டது என்று நினைப்பது பெரும்பிழை. கடிப்பது வேறு, செரிப்பது வேறு. நார்ச்சத்தை நொதிக்கவைக்கும் பெருங்குடல்வாயும் அதில் குடியேறவேண்டிய நுண்ணுயிர்களும் அதற்குப் பிறகும் பல நாட்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. பண்ணைகளில் நான்கிலிருந்து ஆறு வாரத்திற்குள் பால் மறக்கச் செய்கிறார்கள். வீட்டில் வளர்க்கக் கொடுப்பதானால் எட்டு வாரம் தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருக்கவேண்டும் என்பதே விலங்குநல மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. "எவ்வளவு சிறியதோ அவ்வளவு அழகு" என்று நாம் தேடுகிறோமே, அந்தச் சிறுமை மூன்று வாரத்துச் சிறுமை. நாம் கண்டு மயங்கும் அழகு, அது இன்னும் தாயின் மடியில் இருக்கவேண்டிய வயதின் அழகு.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஹங்கேரியின் மணற்பாங்கான நிலங்களில் முயல்கள் ஜூனிப்பர் என்னும் மணமுள்ள செடியையும் உண்கின்றன. ஆக்னஸ் பில்கோ, வில்மோஸ் அல்ட்பாக்கர், ராபின் ஹட்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1990களில் சினைமுயல்களுக்கு ஜூனிப்பர் கனிகளை உணவோடு கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் குட்டிகள் பால் மறக்கும் காலத்தில் அந்த மணமுள்ள உணவை நாடின. அதை உண்ணாத தாய்களின் குட்டிகளோ பழகிய உணவிடமே சென்றன. எந்த வழியாக அந்த அறிவு குட்டிக்கு வந்தது என்று பிரித்துப் பார்த்தபோது மூன்று வழிகள் தெரிந்தன: கருவறை, தாய்ப்பால், தாய் பொந்தில் விட்டுச் செல்லும் புழுக்கை. இம்மூன்றில் எந்த ஒன்றும் தனித்தே போதுமானதாக இருந்தது.

எது உணவு, எது உணவல்ல என்ற பாடத்தைக் கண் திறவாத குட்டி இப்படித் தாயிடம் கற்றுக்கொள்கிறது. புழுக்கையைக் கண்டு முகம் சுளிக்கவேண்டியதில்லை. குட்டிகள் அதைக் கொறிப்பது குடலில் நல்ல நுண்ணுயிர்கள் குடியேற உதவுகிறது என்றும், அதைக் கொறிக்க வாய்ப்புள்ள குட்டிகளின் இறப்பு குறைகிறது என்றும் பிரான்சில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சுத்தம் என்று எண்ணி நாம் துடைத்தெறியும் ஒன்று அந்த உயிரின் பாடநூலாகவும் மருந்தாகவும் இருக்கிறது. பூமியில் நடக்கும் எந்த உயிரும், சிறகால் பறக்கும் எந்தப் பறவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அருள்மறை (6:38) கூறுவதன் பொருளை இங்கே நின்று சிந்தித்துப் பாருங்கள். சமுதாயம் என்றால் மூத்தது இளையதற்கு எதையேனும் கற்றுக்கொடுக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தின் நடுவில் புகுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதைத்தான் நாம் செல்லப்பிராணி வளர்ப்பு என்கிறோம்.

அப்படித் தூக்கிவந்த குட்டியின் முன்னால் கேரட்டை வைக்கிறோம். கேரட் முயலின் இயல்பான உணவு என்பது கார்ட்டூனும் பாடப்புத்தகப் படமும் நமக்குக் கற்பித்தது. சர்க்கரை மிகுந்த அக்கிழங்கு வளர்ந்த முயலுக்கே எப்போதாவது ஒரு துண்டு மட்டும் கொடுக்கத்தக்கது. அருகம்புல்லும் வேலிமசாலும் உலர்புல்லும் தின்ற தாயின் குட்டிக்குக் கேரட் உணவாகவே தோன்றாது. பசியில் அது கடித்தாலும் குடல் ஏற்காது. முயலால் வாந்தியெடுக்க முடியாது. ஒரு நாள் முழுக்கத் தின்னாமலிருந்தால் அதன் குடலியக்கமே நின்றுபோகும் ஆபத்து உண்டு. காந்தி மார்க்கெட்டிலிருந்து அள்ளிவந்த ஈரக் கோஸ் இலையும், தேநீரில் நனைத்த பிஸ்கட்டும், ரொட்டித் துண்டும் அன்பின் பெயரால் அதற்கு ஊட்டப்படும் நஞ்சு.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அங்கே வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து இதைத் துயரப்படுத்தியவர் யார் என வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அந்தத் தோழர்கள் குஞ்சுகளை அடித்ததாகவோ பட்டினி போட்டதாகவோ அதில் இல்லை. பிரித்ததே குற்றமாகச் சுட்டப்பட்டது. "அன்பாகத்தானே வைத்துக்கொள்கிறோம்" என்பவர்கள் இந்த நபிமொழிக்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

பூனையைக் கட்டிவைத்துச் சாகடித்த பெண்ணின் செய்தி நாமனைவரும் அறிந்ததே. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள அந்த அறிவிப்பில் இரண்டு குற்றங்கள் சொல்லப்படுகின்றன: அவள் அதற்கு உணவளிக்கவில்லை, பூமியிலுள்ளவற்றைத் தானே தேடித் தின்னவும் விடவில்லை. ஓர் உயிருக்கு அதற்குரிய உணவு என்று ஒன்று உண்டு; அடைத்துவைத்தவன் அதைத் தரவேண்டும், இல்லையேல் விட்டுவிடவேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது. கிண்ணத்தில் எதையோ வைத்துவிட்டதால் கடமை தீர்ந்தது என்று இதைப் படித்தவர் எவரும் சொல்ல முடியாது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், குட்டிக்குத் தீங்கு விளையும் அளவுக்குத் தாய் விலங்கிடம் பால் கறக்கலாகாது என்ற சட்டம் வாழ்க்கைச் செலவுகளைப் பற்றிய பாடத்தில் இருக்கிறது. குட்டிக்குரிய பாலில் கை வைப்பதையே தடுத்த ஃபிக்ஹ், குட்டியையே பாலிலிருந்து பிடுங்குவதை எப்படிப் பார்க்கும்? தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பணி. கேள்வி கேட்பது நம் பணி.

விற்பவரிடமும் ஒரு சொல். குட்டியின் வயதைக் கேட்டால் "இரண்டு மாதம் ஆச்சு, எல்லாம் தின்னும்" என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் குட்டிக்கு இரண்டு மாதமா? தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். வயதை மறைப்பது அந்த ஈரத்தை மறைப்பதேயாகும். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இல்லை என்பதும் நபிமொழியே. நாட்டின் சட்டமும் இதில் வாய்மூடி நிற்கவில்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் கீழ் 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் முயலையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்து, பதிவுபெறாமல் கடை நடத்துவதைத் தடை செய்கின்றன. பண்ணையும் கடையும் நடத்தும் நம் சகோதரர்கள் சட்டத்திற்கு அஞ்சும் முன்னர் அல்லாஹ்வுக்கு அஞ்சவேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகளையும் பார்த்துவிடுவோம்.

"ஆட்டையும் கோழியையும் அறுத்துத் தின்னும் நாம் முயற்குட்டிக்காக அழுவது போலித்தனம்" என்கிறார்கள் சிலர். முயலும் நமக்கு ஹலாலே. மர்ருழ் ழஹ்ரான் என்னுமிடத்தில் பிடித்த முயலை அபூதல்ஹா (ரலி) அறுத்து, அதன் தொடைப் பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, அவர்கள் ஏற்றுக்கொண்டதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நான்கு மத்ஹபுகளிலும் அது ஆகுமானதே. ஆனால் அறுப்பதற்கே கத்தியைத் தீட்டு, விலங்குக்கு ஆறுதல் கொடு என்று கட்டளையிட்ட மார்க்கம் இது. உண்பதற்காக ஒரு நொடியில் அறுப்பதற்கு அனுமதி உண்டு. விளையாட்டுக்காக ஒரு வாரம் வயிறு கழியக் கழியச் சாகடிப்பதற்கு எந்த நூலில் அனுமதி உண்டு?

"எந்த உயிரின் ரிஸ்கும் அல்லாஹ்வின் பொறுப்பு" என்று 11:6 வசனத்தை எடுத்துக்காட்டுவோரும் உளர். உண்மைதான். அந்தக் குட்டியின் ரிஸ்கை அல்லாஹ் தாயின் மடியில் வைத்திருந்தான். அதை அங்கிருந்து துண்டித்தது யார்? வாய்க்காலை அடைத்தவன், பயிர் வாடியதற்கு காவிரியைக் குறை சொல்ல முடியுமா?

"பிள்ளைகளுக்கு உயிர்களிடம் அன்பு வரவேண்டாமா?" என்பது மூன்றாவது வாதம். வரவேண்டும். சிறுவர் அபூஉமைரிடம் அவருடைய சின்னப் பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் பரிவோடு விசாரித்ததை நாம் அறிவோம். ஆகவே வளர்ப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கிய சில நாளில் செத்து, சாக்கடையோரம் வீசப்பட்டு, அடுத்த பெருநாளுக்கு வேறொன்று வாங்கித் தரப்படும் குட்டியிடமிருந்து பிள்ளை கற்பது அன்பை அன்று. உயிர் என்பது காசு கொடுத்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய பொம்மை என்பதையே அது கற்கிறது.

"சமுதாயத்திற்கு ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, முயலைப் பற்றி எழுதுவதா?" என்பாரும் உண்டு. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்குக் கிடைத்த மன்னிப்பைப் பற்றிப் பேசும்போதும் மக்காவில் பிரச்சினைகள் இருந்தன, மதீனாவிலும் இருந்தன. பெரிய அநீதிகளுக்கு எதிராக நம்மால் குரல் மட்டுமே எழுப்ப முடியலாம். இந்த அநீதியை நிறுத்துவதற்கோ காசை எடுக்காமலிருந்தாலே போதும்.

முயலின் கதை நம் வீட்டு வாசலையும் தொடுகிறது. 2001இல் ஜூலி மென்னெல்லா என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கேரட் சாறு பருகியிருந்தால், குழந்தை திட உணவு தொடங்கும்போது கேரட் சுவையுள்ள கஞ்சியை முகம் சுளிக்காமல் ஏற்றது தெரியவந்தது. மனிதக் குழந்தையும் உம்மாவின் தட்டிலிருந்தே சுவை கற்கிறது. திருவரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் படைக்கும் வழக்கத்தை ஊரறியும். அந்த வழிபாடு நம்முடையது அன்று. எனினும் வடக்கேயிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டு உணவுதான் உணவு என்று நினைத்தவர்கள், மனித இயல்பை நன்கு அறிந்தவர்கள்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பாலூட்டும் தாய் தேநீரும் பிஸ்கட்டுமாகக் காலம் தள்ளுகிறாள். அவள் தட்டில் கீரையும் காய்கறியும் விழுகின்றனவா என்று பார்க்க வீட்டில் எவருமில்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், நான்காம் மாதமே பிஸ்கட்டைக் கரைத்து ஊட்டுகிறோம். இரண்டு முழு ஆண்டுகள் என்று அருள்மறை (2:233) சொன்ன பாலூட்டலில், தாய்க்கு உணவும் உடையும் தருவது தந்தையின் பொறுப்பென்று அதே வசனம் சொல்வதை மறந்துவிடுகிறோம். பிறகு, "என் பிள்ளை காய்கறியே தின்னமாட்டேன் என்கிறது" என்று மருத்துவரிடம் முறையிடுகிறோம். "பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் உண், உனக்கு அருகிலிருப்பதை உண்" என்ற பொருளில் ஒரு சிறுவருக்கு நபி (ஸல்) அவர்கள் தம் தட்டருகே வைத்தே பாடம் நடத்தினார்கள். உணவுப் பாடம் பெரியவரின் தட்டருகே நடக்கிறது. நாம் அங்கே இல்லாவிட்டால் விளம்பரம் அந்தப் பாடத்தை நடத்திவிடும்.

ஆகவே செய்யவேண்டியவை இவை. பெருநாள் காசுக்கு உயிரை வாங்கித் தராதீர்கள். உண்மையிலேயே வளர்க்கும் எண்ணமும் இடமும் நேரமும் இருந்தால், எட்டு வாரம் நிறைந்த குட்டியை மட்டும் வாங்குங்கள். தாய் என்ன தின்றது என்று கேளுங்கள். அதே புல்லையும் அதே தீவனத்தையும் ஒரு பை நிறைய வாங்கிவந்து, புதிய உணவை ஒரு வாரம், பத்து நாளுக்கு மேலாகச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். உலர்புல்லும் தூய நீரும் எப்போதும் இருக்கட்டும். பசும்பால் வேண்டாம். திருச்சியின் சித்திரை வெயில் முயலுக்குத் தாங்காது. காற்றோட்டமும் நிழலும் இல்லாத வீட்டில் அதை அடைக்காதீர்கள். ஐயமிருந்தால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் திருச்சிப் பயிற்சி மையத்தை நாடுங்கள். சின்னக் குட்டியைக் காட்டும் கடைக்காரரிடம், "இது பால்குடி மறக்கவில்லை, இதை விற்பது சரியில்லை அண்ணே" என்று பணிவோடு சொல்லிவிட்டுத் திரும்புங்கள். வாங்குபவர் இல்லையென்றால் விற்பவர் குட்டியை இன்னும் ஐந்து வாரம் தாயோடு விட்டுவைப்பார். அவருக்கும் இழப்பு குறையும், ஏனெனில் அந்த வயதில் அவர் கூண்டிலும் பல குட்டிகள் சாகின்றன.

பெருநாளுக்கு முந்திய வெள்ளியன்று இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுமாறு நம் பள்ளிவாசல் இமாம்களை வேண்டிக்கொள்கிறோம். ஃபித்ராவின் அளவையும் தொழுகை நேரத்தையும் அறிவிக்கும் அதே மிம்பரிலிருந்து, வாயில்லா உயிரின் தாயையும் சேயையும் பிரிக்காதீர்கள் என்று ஒரு சொல் வந்தால், பல அத்தாமார்களின் கை சட்டைப்பைக்குள்ளேயே நின்றுவிடும்.

நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரைப் பற்றியும் நாளை மறுமையில் விசாரிக்கப்படுவோம் என்ற அச்சத்தை அல்லாஹ் நம் உள்ளங்களில் விதைப்பானாக. நம் பிள்ளைகளின் மகிழ்ச்சியை மற்றோர் உயிரின் வேதனையில் தேடாதவர்களாக நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.